உங்கள் பங்கு எவ்வளவு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மீட்டிங். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ளாஸ்க்கில் காபி, தட்டு நிறைய பிஸ்கட். உங்கள் அப்பார்ட்மென்ட் மீட்டிங்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். முதல் அரை மணி நேரம் கார் பார்க்கிங் சண்டை. அடுத்த அரை மணி நேரம் தண்ணீர் லாரி. அதற்கப்புறம்தான் உண்மையான யுத்தமே ஆரம்பமாகும்.

பொருளாளர் எழுந்தார். கையில் ஒரு பேப்பர்.

"இப்போ சதுர அடிக்கு 3 ரூபாய்னு மெயின்டனன்ஸ் வாங்கறோம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்க. லிஃப்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான். வாட்ச்மேன் எல்லாருக்கும் ஒரே சல்யூட்தான் அடிக்கறார். மாடிப்படியில எரியற லைட், பெரிய ஃப்ளாட்காரனுக்குக் கூடுதலா எரியறதா? மீட்டிங்ல வீட்டுக்கு ஒரு ஓட்டு. அப்ப பணமும் வீட்டுக்கு ஒரே மாதிரி இருக்கட்டுமே!"

பின்வரிசையிலிருந்து கைதட்டல். அவர் இன்னும் ஒன்று சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. குறைச்சலா கட்டறவங்கதான் அதைச் செய், இதைச் செய்னு நிறைய கேக்கறாங்க. எல்லாரும் சமமா கட்டினா, கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாங்க."

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் 24 வீடுகள். 650 சதுர அடியில் ஆறு, 1,000 சதுர அடியில் பன்னிரண்டு, 1,450 சதுர அடியில் ஆறு. மாதம் 73,800 ரூபாய் வசூலாகிறது. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 3,075 ரூபாய். நடுத்தர வீட்டுக்காரர்களுக்கு 75 ரூபாய்தான் கூடும். சின்ன வீட்டுக்காரர்களுக்கு 1,950 ரூபாய் 3,075 ஆகும். பெரிய வீட்டுக்காரர்களுக்கு 4,350-லிருந்து 1,275 ரூபாய் குறையும்.

என்னுடையது பெரிய வீடு.

"முடிவு அடுத்த மாசம் எடுக்கலாம். இப்ப சும்மா அபிப்பிராயம் தெரிஞ்சுக்க, ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார்கள். நான் தூக்கினேன். வாதம் நியாயமாகத்தான் பட்டது. 1,275 ரூபாய் கண்ணை மறைத்ததால் அப்படிப் பட்டதா என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாடியில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். தனியாள். சின்ன வீடு. பென்ஷன். மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பொருளாளர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "மேடம், நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்கு மட்டும் பழைய ரேட்டே இருக்கட்டும். நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்."

டீச்சரம்மா எழுந்து நின்றார். வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை. "சலுகை வேண்டாம் சார். என் பங்கு எவ்வளவுன்னு நியாயமா கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அதை நான் கட்டறேன்."

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளாளரின் வாதத்தை வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இதே வாதத்தை ஒரு தேசமே செய்து பார்த்தது. செய்து பார்த்த பிரதமரின் நாற்காலி ஆட்டம் கண்டது. இங்கிலாந்தில், மார்கரெட் தாட்சர் காலத்தில்.

*

அங்கே உள்ளாட்சிகளுக்கு வருமானம் 'ரேட்ஸ்' என்ற வரியிலிருந்து வந்தது. 1601-ம் வருட ஏழைகள் சட்டத்திலிருந்து வேர் விட்ட சங்கதி. நம்மூர் சொத்துவரி மாதிரிதான். வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று மதிப்புப் போட்டு, அதை வைத்து வரி. குப்பை அள்ள, பள்ளிக்கூடம் நடத்த, நூலகம் திறக்க, முதியோரைப் பார்த்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அதுவும் மத்திய அரசு தரும் மானியமும்தான்.

இதில் ஒரு குறை இருந்தது. நிஜமான குறை. தாட்சரின் கட்சிக்காரர்கள் அதை ஒரு பாட்டியின் கதையாகச் சொன்னார்கள். ஒரு தெருவில் பாட்டி ஒருத்தி தனியாக இருக்கிறாள். பக்கத்தில் அதே அளவு வீடு, சம்பாதிக்கிற நாலு பேர். இருவருக்கும் ஒரே வரி. நாலு பேர் வீட்டுக் குப்பைதான் அதிகம். பாட்டி என்ன பாவம் செய்தாள்?

இன்னொரு கணக்கும் காட்டினார்கள். இங்கிலாந்தில் உள்ளாட்சி வாக்காளர்கள் சுமார் 3.5 கோடிப் பேர். வரி கட்டும் பொறுப்பு இருந்தது சுமார் 1.8 கோடிப் பேருக்குத்தான். மற்றவர்கள் ஓட்டு மட்டும் போடுகிறார்கள். 'அதைக் கொடு, இதைக் கொடு' என்று கேட்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பில் வேறு யாருக்கோ போகிறது. செலவு செய்யச் சொல்பவர், செலவின் வலியைக் கொஞ்சமாவது உணர வேண்டாமா?

அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. அடுத்தவர் பணத்தில் தாராளமாக இருப்பது எல்லோருக்கும் சுலபம்தான். கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். 'இன்னும் ரெண்டு ஸ்வீட் போட்டிருக்கலாம்' என்பவர் பெரும்பாலும் மொய் எழுதாதவராக இருப்பார்!

1986-ல் யோசனை அறிக்கையாக வந்தது. வீட்டுக்கு வரி என்பதை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 'சமூகக் கட்டணம்' என்று அரசு பெயர் வைத்தது. ஜனங்கள் வைத்த பெயர் வேறு. 'போல் டாக்ஸ்'. தலைவரி.

பெயரைக் கேட்டதுமே அங்கே பலருக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கும். 1380-ல் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் தலைவரி போட்டார்கள். அடுத்த வருடமே விவசாயிகள் திரண்டு லண்டனுக்குள் புகுந்துவிட்டார்கள். சரித்திரப் பாடம் 600 வருடம் பழசானால் ஆட்சியில் இருப்பவர்களுக்கு அது பாடமாகத் தெரிவதில்லை.

1989-ல் ஸ்காட்லாந்து. 1990 ஏப்ரலில் இங்கிலாந்தும் வேல்ஸும். அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி வெளிப்படையாகவே கேட்டார்: குப்பை அள்ளுபவரைவிட ஒரு பிரபு ஏன் அதிகம் கட்ட வேண்டும்?

எங்கள் பொருளாளரின் கேள்வியேதான். லிஃப்ட் எல்லோருக்கும் ஒன்றுதானே?

பரம ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் கழிவு உண்டு என்றார்கள். ஆனால், எவ்வளவு ஏழையானாலும் குறைந்தது 20 சதவீதம் கட்டியே ஆக வேண்டும். அரண்மனையில் தனியாக இருக்கும் கோமானுக்குக் குறைந்தது. இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, வயது வந்த பிள்ளைகள் என்று இருக்கும் தொழிலாளி குடும்பத்துக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஏறியது. பாட்டியைக் காட்டி ஆரம்பித்தார்கள். பாட்டிக்குக் கொஞ்சம் கிடைத்தது. கோமானுக்கு நிறையக் கிடைத்தது.

சராசரியாகத் தலைக்கு 280 பவுண்டுக்குள் வரும் என்று அரசு கணக்குப் போட்டிருந்தது. வந்ததோ 360-ஐத் தாண்டியது. இதற்கு ஒரு காரணம், உள்ளாட்சி நிதியின் விசித்திரக் கணக்கு. மொத்தச் செலவில் ஏறக்குறைய கால் பங்குதான் உள்ளூர் வரியிலிருந்து வந்தது. மீதியைத் தருவது மத்திய அரசு. அதன் பங்கு மாறாமல் இருக்கும்போது கவுன்சில் தன் செலவை 1 சதவீதம் ஏற்றினால், வரியை 4 சதவீதம் ஏற்ற வேண்டியிருக்கும். 'செலவின் வலியை உணரட்டும்' என்று நினைத்தார்கள். வலி நாலு மடங்காகப் போய்ச் சேர்ந்தது.

1990 மார்ச் 31. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். கலவரம் வெடித்தது. லட்சக்கணக்கானவர்கள் 'கட்ட மாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். 1991-ல் டெர்ரி ஃபீல்ட்ஸ் என்ற எம்.பி. கட்ட மறுத்து 60 நாள் சிறைக்கே போனார்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. பட்டியலில் பேர் இருந்தால்தானே வரி கேட்பார்கள் என்று, கணிசமானவர்கள் வாக்காளர் பட்டியலிலேயே தங்கள் பெயரைச் சேர்க்காமல் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போடுகிற எல்லோரையும் வரி கட்ட வைக்கத்தான் அந்தச் சட்டம். கடைசியில் வரி கட்ட முடியாதவர் ஓட்டையே விட்டுக்கொடுத்தார். தான் இந்த ஊர்க்காரன் என்று சொல்லும் ஒரே சீட்டை, பணம் மிச்சம் பிடிக்கக் கிழித்துப் போட்டார்.

1990 நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். ஐரோப்பா விவகாரம் உள்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால், தலைவரியும் பெரிய காரணம். 1991-ல் தலைவரியின் சூட்டைக் கொஞ்சம் தணிக்க, கடையில் வாங்கும் பொருள்கள் மீதான வாட் வரியை 15-லிருந்து 17.5 சதவீதமாக ஏற்றினார்கள். 1993 ஏப்ரலில் மறுபடியும் வீட்டை வைத்தே வரி வந்தது. 'கவுன்சில் டாக்ஸ்'. அதில் தனியாக வாழ்பவருக்கு 25 சதவீதக் கழிவு. பாட்டியின் குறையைத் தீர்க்க இந்த ஒரு வரி போதுமாக இருந்தது! அதற்கு ஒரு தேசத்தையே தலைகீழாக நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

*

சரி, தலைக்கு ஒரே வரி என்பது எப்போதுமே அநியாயமா? இங்கேதான் நான் கொஞ்சம் தடுமாறினேன். ஏனென்றால், என் அப்பாவின் ஊரில் தலைவரி உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். தலைக்கட்டு வரி.

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால், நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு பேர் வீடு வீடாக வருவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு. பண்ணை வீட்டுக்கும் அதே தொகை, கூலிக்காரர் வீட்டுக்கும் அதே தொகை. கணவனை இழந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அரை வரி. யாரும் கொடி பிடித்ததில்லை. டிரஃபால்கர் சதுக்கம் ஆனதில்லை. ஏன்?

இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, தொகை சின்னது. திருவிழாவின் மொத்தச் செலவைத் தலைக்கட்டு வரி தாங்காது. பந்தலை ஒரு வீடு ஏற்கும். அன்னதானத்தை இன்னொரு வீடு ஏற்கும். மேளக்காரருக்கும் வாணவேடிக்கைக்கும் இருப்பவர்கள் கொடுப்பார்கள். வரி எல்லோருக்கும் சமம். பாரம் முடிந்தவர் தலையில். ஊர்ப் பெரியவர்கள் யாரும் பொருளாதாரம் படித்தவர்கள் இல்லை. ஆனால், 'நானும் இந்த ஊர்' என்பதற்கான பணத்தையும், ஊரைத் தூக்கி நிறுத்துவதற்கான பணத்தையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. தாட்சரின் அமைச்சர்கள் குழப்பிக்கொண்டார்கள். முன்னதற்கான சமத்துவத்தைப் பின்னதின் மேல் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல, எனக்குப் பத்து வயதில் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும்.

ஊரில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். என்ன தகராறு என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் நோட்டுப் புத்தகம் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் மடித்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் திண்ணைக்கு வந்தார். "என் வரியை வாங்கிக்கங்க" என்றார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்கிக்கங்கய்யா" என்றார் மறுபடி. குரல் உடைந்துவிட்டது. ஆறடி உயர மனிதர்.

பணம் கொடு என்று கெஞ்சுபவர்களைப் பார்த்திருந்தேன். என் பணத்தை வாங்கிக்கொள் என்று கெஞ்சிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

அதே ஊரின் கிழக்குத் தெரு மக்களிடம் வரி வாங்கும் வழக்கமே இல்லை. அவர்களுக்கு 'விலக்கு' என்று அப்போது நினைத்தேன். சாதி என்றால் என்னவென்று புரிந்த வயதில்தான் அந்த விலக்கின் அர்த்தமும் புரிந்தது. வரி வாங்கினால் சாமி புறப்பாடு அந்தத் தெருவுக்குள் போக வேண்டும். பந்தியில் இலை போட வேண்டும். பேச்சில் சேர்க்க வேண்டும். 'எங்களிடமும் வரி வாங்கு' என்று போராடுகிற ஜனங்கள் தமிழ்நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள்.

வரி என்றால் நாம் ஒரு விலை என்று நினைக்கிறோம். இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு வந்ததா? ரோடு போட்டார்களா, குப்பை எடுத்தார்களா? விலை என்று நினைத்தால் எங்கள் பொருளாளர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஒரே லிஃப்டுக்கு ஒரே விலைதான். கடைக்காரர் பணக்காரருக்குத் தக்காளியைக் கூடுதல் விலைக்கா விற்கிறார்?

ஆனால், திண்ணையில் நின்ற அந்த மனிதர் எதையும் விலைக்கு வாங்க வரவில்லை. தன் பங்கைக் கொடுக்க வந்தார். டீச்சரம்மா கேட்டதும் அதே வார்த்தைதான். என் பங்கு எவ்வளவு?

பங்கு என்று சொல்லிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. வயசான அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும்போது அண்ணன், தம்பி, அக்கா சமமாகவா பிரிக்கிறார்கள்? நல்ல வேலையில் இருப்பவர் கூட அனுப்புவார். கஷ்டத்தில் இருப்பவர் தன்னால் முடிந்ததை அனுப்புவார். குறைவாக அனுப்பியவருக்கு அம்மாவின் மேல் உரிமை குறைந்துவிடுமா? 'நீ கம்மியாக் குடுத்தே, நீ பேசாதே' என்று யாராவது சொன்னால் அந்த வீடு வீடாக இருக்குமா?

*

பிரிட்டிஷ்காரர் கதையை இவ்வளவு நீட்டி முழக்குகிறானே என்று நினைக்காதீர்கள். நம் சென்னை மாநகராட்சியே இதே கேள்வியில் பிறந்ததுதான்.

1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே மாநகராட்சியை ஏற்படுத்தியது. தர்ம சிந்தனையால் இல்லை. ஊர்ச் செலவை ஊர்க்காரர்களே ஏற்க வேண்டும். லண்டனில் இருந்த ஜோசையா சைல்டு போன்ற இயக்குநர்கள் ஒரு மனோதத்துவம் சொன்னார்கள். மேலிருந்து நாம் அதிகாரமாகக் கேட்கும் சின்னத் தொகையைவிட, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் பெரிய தொகையை மக்கள் மனசோடு தருவார்கள்.

எவ்வளவு சரியான யோசனை! ஆனால், நடந்தது என்ன? முதல் உறுப்பினர்களைக் கம்பெனியே நியமித்தது. 'நீங்களே விதித்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். விதிப்பவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வரி என்றதும் மக்கள் எதிர்த்தார்கள். சுமார் 200 வருடம் கழித்து, 1882-ல் ரிப்பன் பிரபுதான் உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் பெயரில்தான் அந்த வெள்ளை மாளிகை நிற்கிறது.

ஆனாலும் பாடம் படித்தோமா? சென்னையில் 1998-ல் சொத்துவரியைப் பொதுவாகத் திருத்தினார்கள். அடுத்த திருத்தம் 2018-ல். இருபது வருடம் யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த 2018-ல் மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 வரை தேர்தலே நடக்கவில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு கம்பெனி வியாபாரிக்குத் தெரிந்த விஷயம், நமக்கு மறந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, உயர்வை நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. ஏப்ரல் ஆரம்பத்தில் புதிய உயர்வு அறிவிப்பு வந்தது. வீட்டின் அளவையும் இடத்தையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. 2019-ல் ஒரு கட்சி, 2022-ல் இன்னொரு கட்சி. பழக்கம் மட்டும் ஒன்று. தேர்தலுக்கு முன்னால் வரி பேசக்கூடாது.

சின்ன வீட்டுக்குக் குறைந்த சதவீதம், பெரிய வீட்டுக்கு அதிகம் என்று 2022-ல் பிரித்தது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால், வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் இறக்கினால் அது பங்காகத் தெரியாது. அபராதமாகத்தான் தெரியும். இங்கிலாந்தின் நிலைமை இன்னும் வேடிக்கை. தலைவரியில் சூடு கண்ட பூனை அது. இங்கிலாந்து பகுதியில் கவுன்சில் டாக்ஸ் போடுவதற்கு இன்றைக்கும் 1991 ஏப்ரல் மாத வீட்டு மதிப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கட்டிய வீட்டுக்கும், 'நீ 1991-ல் இருந்திருந்தால் என்ன விலை போயிருப்பாய்' என்று கற்பனை செய்துதான் வரி! எட்டுப் படி வைத்தார்கள். ஒரே கவுன்சிலில் கடைசிப் படி வீடு, முதல் படி வீட்டைப் போல மூன்று மடங்குதான் கட்டும். எவ்வளவு பெரிய மாளிகையானாலும் அவ்வளவுதான்.

அநியாயமான வரி, பார்த்தால் தெரிந்துவிடுகிறது. ஊர் எழுந்து நிற்கிறது. யாரும் தொடப் பயப்படும் பழைய வரி, பார்த்தால் தெரிவதில்லை. அது சத்தமில்லாமல் ஏழையிடம் அதிகமும் பணக்காரரிடம் குறைவும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்த்து ஊர்வலம் போக யாருக்கும் தேதி கிடைப்பதில்லை.

*

இப்போது உங்களிடம் மூன்று கேள்வி. ஒரு வரி நியாயமா என்று பார்க்க இவை போதும் என்று நினைக்கிறேன்.

இதைக் கட்டியபின் கட்டியவரின் அடுப்பு எரியுமா? இதை விதித்தவரை, கட்டுபவர் தேர்ந்தெடுத்தாரா? குறைவாகக் கட்டியவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்க முடியுமா?

மூன்றாவதுதான் கஷ்டம். 'நாங்கள் வரி கட்டறோம், இலவசம் அவங்களுக்குப் போறது' என்று காபி குடித்துக்கொண்டே சொல்கிறோமே... தெருவோரம் பூ விற்கும் அம்மா சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறாள். வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டுக்காரர் கட்டும் சொத்துவரியை வாடகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ரசீது அவர் பெயரில் வருவதில்லை, அவ்வளவுதான். ரசீது இல்லாதவருக்கு வாயும் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், ஒரு வகையில், நாம்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பங்கு என்பது உரிமை மட்டும் கிடையாது. பெரிய வீட்டில் இருந்துகொண்டு, சதுர அடியைக் குறைத்துக் காட்டி வரி கட்டுபவர் சாமர்த்தியசாலி என்று பேர் வாங்குகிறார். திருவிழா உண்டியலில் கை வைத்தவரை ஊர் என்ன சொல்லும்? இரண்டும் ஒன்றுதான்.

நேற்று காலையில் டீச்சரம்மாவை லிஃப்டில் பார்த்தேன். கையில் மெயின்டனன்ஸ் செக். எப்போதும் 3-ம் தேதிக்குள் கொடுத்துவிடுவார். "அன்னிக்கு நானும் கை தூக்கினேன், டீச்சர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பார்த்தேன் தம்பி" என்றார். கோபம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கை தூக்கறது சுலபம். நாப்பது வருஷம் பசங்களைப் பார்த்திருக்கேன். பதில் தெரிஞ்சு தூக்கறவனும் உண்டு, பக்கத்துல தூக்கறானேன்னு தூக்கறவனும் உண்டு" என்றார்.

முதல் மாடி வந்தது. இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த மீட்டிங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பழைய சதுர அடிக் கணக்கே இருக்கட்டும் என்று எழுந்து பேச வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் ஆறு பேரில் நான் ஒருவன் பேசினால் மற்ற ஐந்து பேர் முறைப்பார்கள். மாதம் 1,275 ரூபாய். வருடத்துக்கு 15,300 ரூபாய். என் மனசாட்சிக்கு இவ்வளவு துல்லியமாக யாரும் விலை போட்டதில்லை.

பேசுவேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் அப்பார்ட்மென்ட்டில் மீட்டிங் எப்போது?